எது நிற்கும்

ஆகஸ்ட் 4

விடிந்ததிலிருந்து மழை. வீட்டின் பின்பக்கச் சுற்றுச்சுவர் இன்னும் ஓர் அங்குலம் சாய்ந்திருக்கிறது. இவர் அளந்து பார்த்துச் சொன்னார். நீர்ப்பாசனத் துறையில் முப்பத்து மூன்று வருடம் அணைகளையும் மதகுகளையும் அளந்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு அளக்க வீட்டுச் சுவர்தான் மிச்சம். பொம்மனஹள்ளியிலிருந்து மேஸ்திரி சரவணன் வந்து சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"மழை நின்னா சுவர் நிக்கும் மேடம்."

"நிக்கலைன்னா?" என்று கேட்டார் இவர்.

"எது சார்?"

மூவரும் சிரித்தோம். மழை விட்டதும் ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் சரவணன்.

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் கண்ணா பிடித்துக்கொண்டான். "அக்கா, நம்ம பெங்களூர்ல கடலே கிடையாது. ஆனா இங்கதான் கடலை கம்ப்யூட்டர்ல வச்சு ஓட்டறாங்களாம். ஒரு பக்கம் குடுங்களேன்." எத்தனை வருடக் கணக்கு ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். "முந்நூறு வருஷமாம். நம்ம யாரும் இருக்க மாட்டோம், கேஸ் போட ஆள் இல்ல, தைரியமா எழுதுங்க."

ஆகஸ்ட் 6

கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இன்று கடலைப் பார்த்தேன்.

ஊருக்கு வடக்கே இருக்கிறது அந்த ஆய்வு நிறுவனம். என்னிடம் பேசியவர் பெயர் பார்கவி. முப்பத்து மூன்று வயது, சந்தாபுராவில் வளர்ந்தவர், அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பார்கவியுடையது ஒப்பந்த வேலை, டிசம்பரில் முடிகிறது. நீட்டிப்பதும் விடுவதும் குழுத் தலைவர் சீனிவாசராகவன் கையில்.

உலகக் கடல் முழுவதையும் பெட்டி பெட்டியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் அகலம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, நீர் எந்தப் பக்கம் போகிறது என்று மூன்று எண்கள். அடுத்த மணி நேரத்தில் அவை என்னவாகும் என்று கணினி கணக்குப் போடுகிறது. பிறகு அதற்கடுத்த மணி. இப்படியே நூறு, இருநூறு வருடம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஓட்டம்'. இயந்திரத்தின் ஒரு நாள் வேலையில் மாடலுக்குள் ஆறு வருடம் கடந்துவிடுகிறது.

பார்கவி கவனிப்பது அட்லாண்டிக் கடலின் ஒரு நீரோட்டத்தை. வெப்பமான உப்பு நீர் மேலாக வடக்கே போகிறது. அங்கே குளிர்ந்து கனத்து அடியில் மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. பனி உருகி நன்னீர் கலந்தால் கனம் குறையும். கனம் குறைந்தால் மூழ்காது. மூழ்காவிட்டால் பின்னால் வருவதை இழுக்க ஆளில்லை.

அதன் அளவு இன்று நொடிக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் கன மீட்டர். சுருக்கமாகப் 'பதினேழு' என்கிறார்கள். உலகம் வெளிவிடும் புகை இப்போதுபோல் கூடிக்கொண்டே போனால், பார்கவியின் மாடலில் 2100இல் அது எட்டு.

"நீங்க கடலுக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"மெரினால கால் நனைச்சிருக்கேன் மேடம். செருப்பு ஒண்ணு போச்சு."

வீட்டுக்கு வந்து பதினேழு என்றால் எவ்வளவு என்று இவரிடம் கேட்டேன். காவிரியில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி வந்தால் பெருவெள்ளம், அப்படி மூவாயிரம் வெள்ளம் என்றார். அது பாதியாகிவிடுமாம் என்றேன். பென்சிலை வைத்துவிட்டு, "அதுல பாதியா?" என்றார்.

ஆகஸ்ட் 7

பாதிக்கும் கீழே. எட்டுதான். நேற்று இவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. காலையில் திருத்திச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11

பார்கவி நீண்ட ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். 2100இல் விட்ட இடத்திலிருந்து 2300 வரை. முப்பத்து நான்கு நாள் ஆகுமாம்.

குழுத் தலைவருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நியாயமானதுதான். எந்த மாடலும் யாரும் தொடாமலே மெல்ல வழுவும், கடிகாரம் பின்தங்குவதுபோல. இந்தச் சரிவு கடலின் சரிவா, மாடலின் வழுவலா? அதற்காகவே பார்கவி அதே மாடலைப் புகை கூட்டாமல் தனியாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதில் கோடு தட்டையாக இருக்கிறது. இதை அடுத்த வாரக் கூட்டத்தில் காட்டப்போகிறார்.

"என் ரிசல்ட் நிக்கணும் மேடம். அது போதும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

ஆகஸ்ட் 13

அலுவலகம் போகும் வழியில் பார்கவியின் குறுஞ்செய்தி. '2113. 7.4.' வேறு ஒரு சொல்லும் இல்லை. தினமும் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார்.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஜன்னல் வழியே பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்ப்பது நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 19

கட்டுரையை அனுப்பிவிட்டேன். நாளை வருகிறது.

மாலையில் சிவாஜி நகர் பேருந்து நிலையத்திலிருந்து பார்கவியை அழைத்தேன். கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. அவர் சொன்னதாக நான் எழுதியிருந்த பதினொரு வாக்கியங்களையும் படித்துக் காட்டினேன். முப்பத்தெட்டு வருட வழக்கம் அது. யார் சொன்னதையும் அவருக்கே திரும்பப் படித்துக் காட்டாமல் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. இரண்டு இடத்தில் திருத்தினார். பிறகு கூட்டத்தில் என்ன நடந்தது என்று சொன்னார். தட்டையான கோட்டைக் காட்டியதும் சீனிவாசராகவன் ஒன்றும் பேசவில்லையாம். மழை, ஹாரன் சத்தம், என் பேருந்து வந்துவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டேன். பதில் சொன்னார். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

இன்று மாடலில் 2149. அளவு 6.1.

ஆகஸ்ட் 20

முதல் பக்கம். நான் உள்பக்கத்துக்குக் கொடுத்தது. கண்ணா தூக்கி வைத்துவிட்டான்.

'கடல் நீரோட்டம் நிற்கும்: பெங்களூரு விஞ்ஞானி.'

பதினோரு மணிக்குள் கன்னடத் தளங்களிலும் ஆங்கிலத் தளங்களிலும் வந்துவிட்டது. மாலைக்குள் ஒரு தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்தில் ஓடியது. அலுவலகத்துக்கு இருநூறு அழைப்பு வந்தது என்றான் கண்ணா. "கட்டுரையோட கடைசி வரிலதானே அக்கா இருந்தது. இதைப் போய் கடைசில வைப்பாங்களா? தங்கத்தைக் கொண்டுபோய் சாக்குல கட்டற மாதிரி."

பார்கவி அழைப்பை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21

காலை ஆறு மணிக்கு அவரே அழைத்தார்.

"மேடம், நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

சொன்னீர்கள் என்றேன். நான் 'அப்ப நிக்குமா' என்று கேட்டேன், நீங்கள் 'நிக்கும் மேடம்' என்றீர்கள். என் குறிப்பேட்டில் இருக்கிறது.

"நீங்க என் ரிசல்ட்டைக் கேக்கறீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றார்.

குறிப்பேட்டை எடுத்து வந்து பார்த்தேன். என் கேள்விக்கு மேல் வரி இது: 'தட்டைக் கோடு. சீ. மௌனம். பா. முடிவு உறுதி.' அந்த வரிக்குக் கீழே கேட்ட கேள்விக்கு அவர் எதைப் பற்றிப் பதில் சொல்வார்? முடிவு நிற்கும் — அதாவது நிலைக்கும், அசையாது. நானோ நீரோட்டத்தை நினைத்துக் கேட்டேன். நீரோட்டம் நிற்கும் — ஓயும், இல்லாமல் போகும். ஒரே சொல். சுவருக்கு நல்லது, ஓடுவதற்குச் சாவு.

பதினொரு வாக்கியத்தைப் படித்துக் காட்டினேனே, பன்னிரண்டாவதை ஏன் காட்டவில்லை? பேருந்துக்காகவா? இல்லை. அந்தச் சொல் என்னுடையது. நானே கேட்ட சொல்லைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரவணன் 'எது சார்' என்று கேட்டாரே! மேஸ்திரிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாம போச்சே.

ஆகஸ்ட் 22

ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 2166இல், 5.3இல். நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வந்ததாக விசாரணைக் குழு. விசாரணை முடியும்வரை பார்கவிக்குக் கணினி நேரம் கிடையாது.

என் ஒரு சொல்லால்.

ஆகஸ்ட் 23

திருத்தம் வந்தது. நானே எழுதினேன். 'ஆகஸ்ட் 20 அன்று வெளியான செய்தியில், நீரோட்டம் நிற்கும் என்று பார்கவி கூறியதாக வந்தது தவறு. அவர் அவ்வாறு கூறவில்லை. தம் ஆய்வு முடிவு உறுதியானது என்றே கூறினார். பிழை செய்தியாளருடையது.' கண்ணா கடைசி வாக்கியத்தை எடுக்கப் பார்த்தான். விடவில்லை.

ஐந்தாம் பக்கம், கீழே, நீத்தார் அறிவிப்புகளுக்கு மேல்.

ஆகஸ்ட் 26

சீனிவாசராகவனைப் போய்ப் பார்த்தேன். பிழை என்னுடையது, பார்கவியைத் தண்டிக்காதீர்கள் என்று எழுத்திலும் கொடுத்தேன். மேசைமேல் வைத்து மெல்ல நீவினார். கெட்டவர் இல்லை. களைத்தவர்.

"நீங்க சொல்றது புரியறதும்மா. ஆனா டெல்லிலேர்ந்து ஃபோன் வந்துண்டே இருக்கு. அவ சொல்லலைன்னு நீங்க போட்டுட்டேள். சரி. நிக்காதுன்னு அவ சொல்லணும். அதுக்கு ஒரு கையெழுத்து. மறுநாளே மெஷினைத் திறந்து விட்டுடறேன்."

"அவங்களுக்குத் தெரியாததை எப்படி சார் சொல்லுவாங்க?"

"யாருக்குத்தான் தெரியும்? ஒரு மாடல், ஒரு ஓட்டம். நிக்காதுங்கறதுதான் இன்னிக்கு எல்லாரும் ஒத்துண்டு சொல்றது. தப்பா இருந்தா நாளைக்கு மாத்திக்கலாம்."

வாசல்வரை வந்தார். "ஒரு வார்த்தைக்கு எத்தனை ஃபோன் வந்தது பாத்தேளா? அதான் பயம்" என்றார்.

ஆகஸ்ட் 30

பார்கவி வீட்டுக்கு வந்தார். இவர் காபி போட்டுக் கொடுத்தார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லலைன்னு போட்டீங்க, அது நிஜம். நிக்காதுன்னு எப்படி மேடம் போடறது? 2166லதான் நிக்குது என் ஓட்டம். அதுக்கு மேல நான் பாக்கவே இல்லையே."

பையிலிருந்து ஒரு வரைபடம் எடுத்தார். நீரோட்டம் குறையக் குறைய, பூமத்திய ரேகையை ஒட்டிய மழைப் பட்டை தெற்கே நழுவுகிறது. நம் பக்கம் மழை குறையும் இடம் பழுப்பு நிறமாகத் தெரிந்தது. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்தார்.

"இது குடகுதானே?"

"ஆமா சார்."

"எந்த வருஷம்?"

"2160. ஆனா 2090லயே ஆரம்பிச்சுருது."

குடகில் பெய்வதுதான் காவிரி. காவிரிதான் இந்த வீட்டுக் குழாய். கேட்டுக் கேட்டு ஊரே அறிந்த ஆறு. அதன் பெயரைச் சொல்லி தொண்ணூற்றொன்றில் இந்த ஊர் எரிந்ததை நான் தெருவில் நின்று எழுதியவள். அப்போது சண்டை எவ்வளவு தண்ணீர் என்பதில்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று பார்கவியிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல எனக்கு என்ன உரிமை?

செப்டம்பர் 2

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"போடலைன்னா பாக்கவே முடியாது மேடம். முடிவு தெரியாம இருக்கறதவிட ஒரு பொய் சொல்லிட்டுத் தெரிஞ்சுக்கறேன்."

அறிக்கை எங்களுக்கும் வந்தது. 'இந்த நீரோட்டம் நிற்காது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.' தொலைபேசியில் படித்துக் காட்டினேன், சொல் சொல்லாக. "சரிதான் மேடம்" என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் நான் சரிபார்த்து வாங்கிய வாக்கியங்களில் இத்தனை கவனமாகச் சரிபார்த்தது வேறில்லை. அது உண்மையா என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

செப்டம்பர் 5

ஓட்டம் மறுபடி தொடங்கியது. 2166.

செப்டம்பர் 9

'2190. 3.6.'

செப்டம்பர் 12

'2208. 2.1.'

இவர் இப்போது செய்தி வந்ததா என்று கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரை அளக்கப் போகிறார்.

செப்டம்பர் 16

செய்தி இல்லை. மூன்று நாளாக இல்லை. நான் அழைத்தேன்.

"எண் அனுப்ப ஒண்ணுமில்ல மேடம்."

இயந்திரம் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"மெஷின் ஓடுது."

செப்டம்பர் 28

2300இல் முடிந்தது. போய்ப் பார்த்தேன்.

திரையில் ஒரு கோடு. இடப்பக்கம் பதினேழில் தொடங்கி, படிக்கட்டில் கால் தவறியவர்போல் சரிந்து, 2220க்கு அருகே தரையைத் தொடுகிறது. அதற்கப்புறம் எண்பது வருடம் அப்படியே கிடக்கிறது. எழவில்லை. வடகடலின் ஆழப் பெட்டிகளைக் காட்டினார். அம்புக்குறிகள் இருக்க வேண்டிய இடம் காலி.

"சும்மா ஒரு தடவை கேக்கறேன். மாடல் வழுவியிருக்காதே?"

"தட்டைக் கோட்டையும் 2300 வரைக்கும் ஓட்டினேன் மேடம். அது தட்டையாவே இருக்கு." கொஞ்சம் சிரித்தார். "ரிசல்ட் நிக்கும்."

நான் தவறாக அச்சேற்றியது சரியாகிவிட்டது. கவனமாகச் சரிபார்த்து அச்சேற்றியது பொய்யாகிவிட்டது.

"கையெழுத்துப் போட்டப்ப உங்களுக்கு இது தெரியாதே" என்றேன்.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி போட்டேன். அதை நான்தான் மாத்தணும். நீங்க எழுதிக்குங்க."

டிசம்பர்? என்று கேட்டேன்.

"டிசம்பர் வந்தா வரட்டும்."

செப்டம்பர் 29

கண்ணா தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, நிக்கும்னு போட்டோம். சொல்லலைன்னு போட்டோம். நிக்காதுன்னு போட்டோம். இப்ப மறுபடி நிக்கும்னா, ஜனங்க பேப்பரையே நிறுத்திடுவாங்க." பிறகு, ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி தருகிறேன் என்றான். தலைப்பில் 'நிற்கும்' வரக்கூடாது என்பது அவன் நிபந்தனை. என் நிபந்தனையும் அதுதான்.

மாலையில் பார்கவியை உட்காரவைத்து எழுதினேன். பேருந்து நிலையத்தில் அல்ல, எங்கள் வீட்டு முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு. முழு வாக்கியமாகச் சொல்லுங்கள், எழுவாய் இல்லாமல் எதையும் சொல்லாதீர்கள் என்றேன்.

'புகை வெளியேற்றம் இப்போதுபோல் கூடிக்கொண்டே போனால், எங்கள் மாடலில் அட்லாண்டிக் நீரோட்டம் 2220 அளவில் ஓய்ந்துவிடுகிறது. மீண்டும் தொடங்கவில்லை. நம் பருவமழை அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்குகிறது. மாடல் கடல் அல்ல. ஆனால் கடலில் இது நடக்காது என்று நான் கையெழுத்திட்டது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். பார்கவி.'

மூன்று முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை, "போதும் மேடம், எனக்கே பயமா இருக்கு" என்றார்.

அக்டோபர் 1

ஏழாம் பக்கம், மூன்றாவது பத்தி. எழுத்துப் பிழை இல்லை. அலுவலகத்துக்கு அழைப்பு எதுவும் வரவில்லை.

அக்டோபர் 2

இன்றும் இல்லை. பார்கவிக்கு மட்டும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. டிசம்பர்வரைகூட இல்லை, இந்த மாதத்தோடு. சீனிவாசராகவன் தானே கொண்டுவந்து கொடுத்தாராம். கொடுத்துவிட்டு, 'அந்தக் கோட்டோட ஒரு காப்பி எனக்கு வேணும்மா' என்று கேட்டு வாங்கிப் போனாராம்.

அக்டோபர் 4

மழை விட்டது. சரவணன் ஆள் கூட்டி வந்து சுவரை நிமிர்த்தினார். இவர் அளந்து பார்த்துவிட்டு வந்தார். சரியாக இருக்கிறதாம்.

பதினொன்றரைக்கு அலுவலகத்தில் ஓர் அழைப்பு. ஏழாம் பக்கத்துக்கு வந்த முதல் அழைப்பு. பொம்மனஹள்ளியிலிருந்து ஒருவர், பெயர் சொல்லவில்லை, தையல் இயந்திரங்களின் சத்தம் பின்னால்.

"மேடம், அந்தக் கடல் சமாச்சாரம், அது நிக்கும்னு ஆகஸ்ட்லயே முதல் பக்கத்துல போட்டீங்களே. எதுக்கு மறுபடியும்?"

நடுவில் திருத்தமும் மறுப்பும் வந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"மறுப்பா? அது வந்துச்சா? அப்ப நிக்காதா?"

எது நிற்காது என்று நான் கேட்டேன். நீரோட்டம்தான் என்றார். முழு வாக்கியமாகச் சொன்னேன், எழுவாயோடு, மெதுவாக, ஏழாம் பக்கத்தில் இருந்தபடியே.

"அப்ப சரி மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எது சரி என்று நான் கேட்கவில்லை. பேருந்து நிலையத்தில் விட்டதோடு சேர்த்து, முப்பத்தெட்டு வருடத்தில் நான் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வி.